கணக்கில் வராத பயணிகள்

அமெரிக்காவில் வட்டாரப் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு பகுதிகளைப் பார்த்து, ஏழைகளும் சிறுபான்மையினரும் சராசரிக்கு மேல் இருக்கும் இடங்களுக்கு வண்ணம் அடிப்பார்கள், திட்டத்தில் அவர்கள் விடுபடாமல் இருக்க. 1964 குடிசார் உரிமைச் சட்டமும் 1994-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணையும் அந்த வழக்கத்துக்கு அடித்தளமாக இருந்தன; அந்த ஆணை 2025-இல் ரத்து செய்யப்பட்டது. அதே முறையை சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்த்தோம். வரைபடம் ஏறக்குறைய ஒரே நிறத்தில் வந்தது. வேறெப்படி வரும்? 1989 முதல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர் இருக்கலாம் என்ற விகிதக் கட்டுப்பாடு இருக்கிறது. வாடகை வீட்டு புளோக்கும் சொந்த வீட்டு புளோக்குக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சராசரியில் எல்லாம் கரைந்துவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. குழுவில் மூத்தவரான அண்ணனிடம் நான் கேட்டதுதான் இன்னும் மனதில் ஓடுகிறது.

"துவாஸ், கிராஞ்சியில இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளைச் சேர்க்கணுமாண்ணே?"

"தரவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் தம்பி. அவங்க அதுல வரமாட்டாங்க. அப்புறம், அவங்களுக்குத்தான் கம்பெனி லாரி இருக்கே, பஸ்ஸுக்கு எங்க நிக்கிறாங்க?"

"சரிண்ணே."

அவர் சொன்ன முதல் காரணத்தில் பிழை இல்லை. இல்லாத தரவை வைத்து நான் என்ன வரைவது? ஆனால் இரண்டாவது காரணம் உறுத்துகிறது. பஸ்ஸுக்கு நிற்காததால் பஸ் தேவையில்லை என்றால், பஸ்ஸே போகாத ஊரில் யாருக்கும் பஸ் தேவையில்லை என்றாகிவிடும். லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போவது பயணத் தேவை தீர்ந்த கணக்கா? அதோடு, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள்தான் நாங்கள் இருவரும். அங்கே எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்கும் தொழிலாளர் கூட்டத்தைப் பார்க்காதவர்கள் இல்லை.

சரி, வண்ணம் அடித்திருந்தால் மட்டும் நல்லது நடந்திருக்குமா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் தனியார் பஸ்ஸில் அடிபட்டு ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி இறந்து கலவரம் மூண்டது. அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு எல்லை போட்டுத்தான் குறித்தார்கள், மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக. குறிக்கப்படுவது எப்போதும் சலுகை இல்லை. இந்த வாதம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

விடுதிகள் இருக்கும் இடமெல்லாம் எங்கள் வரைபடத்தில் தொழிற்பேட்டை என்று வெறுமையாகவே போனது. அடுத்த முறை இப்படி ஒரு வேலை வந்தால் இன்னொரு கேள்வியாவது கேட்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் சொல்வது சுலபம்.