சி3 இறங்கிய மாதங்கள்: லூபஸைத் தொடர்ந்து கவனித்த அனுபவம்

எனக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று உறுதியான பிறகு ரிப்போர்ட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொன்றிலும் சில எண்கள் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேலேயோ கீழேயோ ஓர் அம்புக்குறி. எதற்குக் கவலைப்படுவது, எதை விட்டுவிடுவது என்று தெரியாமல் தவிக்கும் காலம் அது. இப்போதுதான் லூபஸ் என்று கேள்விப்பட்டவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தெளிவு ஏஎன்ஏ (சொந்த உயிரணுக்களின் கருவையே தாக்கும் ஆன்டிபாடிகளைக் காட்டும் ரத்தச் சோதனை) விஷயத்தில் கிடைத்தது. எனக்கு அது 1:640 என்று அதிகமாக இருந்தது. அதைக் குறைப்பதுதான் சிகிச்சை என்று நினைத்திருந்தேன். வாதநோய் நிபுணர் சொன்னார்: "நோயைக் கண்டுபிடிக்கத்தான் அது உதவும். கூடுதா குறையுதான்னு அது சொல்லாது. திரும்பத் திரும்ப எடுக்காதீங்க." தொடர்ந்து பார்க்க வேண்டியவை வேறு: ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏ (டிஎன்ஏவைத் தாக்கும் ஆன்டிபாடி, சுருக்கமாக டிஎஸ்டிஎன்ஏ), சி3, சி4 (இரண்டும் எதிர்ப்புச் சக்திக்கு உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்கள்), ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் புரதம். நோய் தீவிரமாகும்போது ஆன்டிபாடிகள் சேர்ந்து உருவாக்கும் கூட்டுகள் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செலவழித்துவிடும். அதனால் பெரும்பாலும் டிஎஸ்டிஎன்ஏ ஏறும்போது சி3யும் சி4ம் இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே சி4 குறைவாக இருக்குமாம். அவர்களுக்கு அந்த எண் எப்போதும் கீழேதான் நிற்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

சரி என்று ஓர் அட்டவணை போட்டேன். தேதிகள் வரிசையாகக் கீழே, சோதனைகள் குறுக்கே. கடைசிப் பத்தியில் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தும் அளவும். மருந்துப் பத்தி இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை. ஸ்டீராய்டு கூட்டினால் வெள்ளணு எண்ணிக்கை தானாக ஏறும். காரணம் தெரியாவிட்டால் தொற்று என்று பதறுவோம்.

எல்லாச் சோதனையையும் ஒரே லேபில் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிஎஸ்டிஎன்ஏவை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரு முறையில் வரும் 80ஐ இன்னொரு முறையில் வரும் 80உடன் ஒப்பிட முடியாது. சி3யைச் சில இடங்களில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில இடங்களில் லிட்டருக்கு கிராம் என்றும் தருவார்கள். 95ம் 0.95ம் ஒன்றேதான், ஆனால் அவசரத்தில் பார்த்தால் நெஞ்சு பதறும்.

அறிகுறிகளுக்குத் தனிப் பக்கம். காலையில் விரல்கள் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது, வாய்ப்புண், முகத்தில் தடிப்பு, காய்ச்சல், முடி கொட்டுவது, கால் வீக்கம், சிறுநீர் நுரைப்பது. சோர்வுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். தினமும் எழுதினால் சலித்துவிடும். வாரம் ஒரு முறையும், ஏதாவது மாறினால் அன்றைக்கும் எழுதினேன். அது போதுமாக இருந்தது.

அட்டவணையின் பலன் தெரிந்தது நான் நன்றாக இருப்பதாக உணர்ந்த ஒரு காலத்தில். மூட்டுவலி இல்லை, தடிப்பு இல்லை. சி3 மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இத்தனைக்கும் அது நார்மல் எல்லைக்குள்தான், எந்த ரிப்போர்ட்டிலும் அம்புக்குறி கிடையாது. பக்கத்துப் பத்தியில் டிஎஸ்டிஎன்ஏ ஏறிக்கொண்டிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது, ஒரே தாளில் பார்த்தபோது டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் மருந்தை உடனே மாற்றவில்லை. ரத்தத்தில் நோய் தெரிந்தும் உடம்பில் எதுவுமே இல்லாமல் பல வருடங்கள் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எண்ணுக்காக மருந்து கூட்டினால் மருந்தின் பக்கவிளைவுதான் மிஞ்சும் என்றார். அவர் செய்தது சோதனைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் குறைத்தது, சிறுநீர்ச் சோதனையை ஒருபோதும் தவறவிடாதே என்றது, அவ்வளவுதான்.

அந்தச் சிறுநீரில்தான் விஷயம் வெளிப்பட்டது. புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.2ஐ ஒட்டி இருந்தது 0.7 ஆகியிருந்தது. மாதவிடாய், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி இவற்றாலும் அது கூடலாம் என்பதால், காலையில் முதலில் வரும் சிறுநீரை வைத்து மறுபடி பார்த்தோம். அப்போதும் 0.5க்கு மேல்தான். பயாப்ஸி செய்தார்கள். சிறுநீரகத்தில் லூபஸ் தொடங்கியிருந்தது. எனக்கு ஒரு வலியும் இல்லை. பெரும்பாலும் அது வலிக்காமல்தான் கெடும் என்பதை ஒவ்வொரு லூபஸ் நோயாளிக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மைக்கோஃபினோலேட் மருந்தை ஆரம்பித்தோம். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே பிடித்துவிட்டதில் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இன்னொரு முறை நல்ல காய்ச்சல். லூபஸ் கிளம்பிவிட்டதோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். அழற்சியைக் காட்டும் சோதனைகள் இஎஸ்ஆரும் சிஆர்பியும். இஎஸ்ஆர் கூடியிருந்தது, ஆனால் அது எனக்கு எப்போதுமே கூடுதல்தான், ரத்தசோகை இருந்தாலே ஏறும். சிஆர்பி மிக அதிகம். சி3யில் மாற்றமே இல்லை. லூபஸ் தீவிரமானால் சிஆர்பி பலருக்கு அவ்வளவாக ஏறாது. நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள உறையில் அழற்சி வந்தால், மூட்டழற்சி கடுமையானால் ஏறலாம். எனக்கு அவை இல்லாததால் டாக்டர் தொற்றைத் தேடினார், கிடைத்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் காய்ச்சல் வந்தால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, உடனே போய்விட வேண்டும்.

சோர்வு மட்டும் எந்த எண்ணோடும் சேர்ந்து நடக்கவில்லை. டிஎஸ்டிஎன்ஏ அடங்கியிருந்த மாதங்களிலும் 8 போட்டிருக்கிறேன். வேறோர் இடத்தில் ஒருவர், "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தை ரொம்ப நாள் உறுத்தியது. பிறகு என் டாக்டரிடம் சோர்வுப் பத்தியை நீட்டினேன். அவர் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, தூக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரும்புச்சத்து குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்ததில் கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அது நிஜம் என்று ஒருவர் ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை. புரத விகிதம் 0.5க்குக் கீழே வந்துவிட்டது, ஸ்டீராய்டு 5 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. லூபஸுக்காகச் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைக்காக உடல் எடையையும் அட்டவணையில் எழுதுகிறேன், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அந்த மாத்திரை நாளடைவில் விழித்திரையைப் பாதிக்கலாம். அது சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவதால், சிறுநீரகம் பாதித்தவர்கள் கண் பரிசோதனையை ஐந்து வருடம் வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். அதன் தேதிக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு இன்னொன்று.