தவளைகளுக்கு வரும் தோல் பூஞ்சையும் ஈர பூட்ஸும்

மழை பிடித்ததும் புழல், ரெட்டேரி, மாதவரம் ஏரிக்கரைகளில் தவளை பார்க்கப் போகிறவர்களில் பலர் அடுத்த வாரமே அதே பூட்ஸோடு வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்புகிறார்கள். தயவுசெய்து அந்த பூட்ஸைக் கவனியுங்கள்.

கைட்ரிட் பூஞ்சை தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் பரவி, தவளையின் தோலில் வளரும். தண்ணீரையும் உப்புகளையும் தவளை தோல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. தோல் கெட்டால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். 2019-இல் வெளியான ஆய்வுப்படி, தவளை உள்ளிட்ட நீர்நிலவாழ் உயிர்களில் குறைந்தது 501 இனங்கள் இதனால் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன. 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது.

இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரை நன்றாக வளரும். 30-ஐத் தொட்டால் திணறும். அதற்காகச் சென்னை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. ஈர பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ரயிலின் ஏசி பெட்டியில் இரவெல்லாம் கொண்டுபோனால் பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் குளிர்ச்சியும் கிடைத்துவிடும்.

முதலில் பிரஷ்ஷால் சேற்றை முழுக்கத் தேய்த்து எடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்: சேறு இருந்தால் பிளீச்சிங் பவுடரின் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 35 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரில் பூட்ஸ், வலை, வாளியைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். திறந்து கிடந்த பவுடர் மழைக்காலத்தில் வீரியம் இழந்திருக்கும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். கழுவிய தண்ணீரை ஏரியில் ஊற்றாதீர்கள். கடைசியாக, தையல் மடிப்பு வரை வெயிலில் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்தால் இந்தப் பூஞ்சை பிழைக்காது. பாதி காய்ந்தால் பயனில்லை.

கொளத்தூரில் வண்ண மீன் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். தொட்டித் தண்ணீரையோ, வளர்ப்புத் தவளையையோ குளத்தில் விடாதீர்கள். கண்டம் விட்டுக் கண்டம் இந்த நோய் பரவியதில் உயிரின வியாபாரத்துக்குப் பெரும் பங்குண்டு.

தவளையைத் தொட்டே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. நோயுற்ற தவளை பகலிலும் வெளியே உட்கார்ந்திருக்கும். தோல் அளவுக்கு மீறி உரியும். கவிழ்த்தால் நிமிரத் தெரியாது. தலைப்பிரட்டையின் வாயை லென்ஸில் பாருங்கள்: கறுத்த தாடை விளிம்பும் பல்வரிசையும் வெளுத்தோ உதிர்ந்தோ இருந்தால் சந்தேகப்படலாம். பூஞ்சைக்கு வேண்டிய கெரட்டின் (தோலைக் கெட்டியாக்கும் புரதம்) அந்த வயதில் வாயில்தான் இருக்கிறது. அதனால் தலைப்பிரட்டை பெரும்பாலும் சாகாது, கால் முளைத்துத் தவளையான பிறகே சாகும்.

செத்த தவளை கிடைத்தால் இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் பரிசோதனைக்கு எடுத்தால் 70 சதவீத எத்தனாலில் வைக்கச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து, அதை வைத்துப் பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை கடினமாகிவிடும்.