கோ-சிமுலேஷன்: மாடல் வாங்கும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்

தனித்தனி மாடல்களைக் கோத்து, மதிப்புகளைப் பரிமாறவிட்டு ஒன்றாக ஓட்டுவதுதான் கோ-சிமுலேஷன். தனித்தனியாக ஓட்டினால் என் இரண்டு மாடல்களும் ஒழுங்காகத்தான் ஓடின. ஹைட்ராலிக் சிலிண்டர் ஒரு எஃப்எம்யூ (பொதியாகக் கட்டித் தரும் மாடல் கோப்பு), அது தூக்கும் இயந்திரக் கை இன்னொன்று. இரண்டும் எஃப்எம்ஐ 2.0 என்ற மாடல் பரிமாற்றத் தரநிலைப்படி செய்தவை. ஜேக்கபி முறையில் (இரண்டும் எதிர்ப்பக்கத்தின் பழைய மதிப்பை வைத்து ஒரே நேரத்தில் ஓடும்) கோத்து, 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மதிப்புகளைப் பரிமாறவிட்டதும் விசை அலைந்து அலைந்து பெருகி வெடித்தது.

சிலிண்டர் மாடலைத் தந்த நிறுவனத்துக்கு எழுதினேன். "எங்களிடம் சரியாக ஓடுகிறது" என்றார்கள். அவர்கள் ஓட்டியது தனியாக! கோத்து ஓட்டிப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதியும் அதே பதில்தான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கோளாறு சால்வரில் (மாடலின் சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி) இல்லை, தாமதத்தில். ஒரு படி (ஒரு பரிமாற்றத்திலிருந்து அடுத்தது வரையான நேரம்) முடியும்வரை எதிர்ப்பக்கத்தின் பழைய மதிப்பையே பிடித்து வைத்திருக்கிறோம். ஸ்பிரிங் விசை தாமதமாக வந்தால் டேம்பிங்கை (அலைவை அடக்கும் தன்மை) தின்றுவிடும். எவ்வளவு என்பது ஏறக்குறைய ஸ்டிஃப்னஸ் (விறைப்பு) பெருக்கல் தாமதம். மீட்டருக்கு 1 கோடி நியூட்டன் ஸ்டிஃப்னஸ், 1 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 10,000 நியூட்டன்-செகண்ட்/மீட்டர் போச்சு. சிலிண்டர் எண்ணெயில் அவ்வளவு டேம்பிங் எங்கே இருக்கிறது?

படியைச் சுருக்கினால் அடங்கியது, ஆனால் ஓட்டம் ஊர்ந்தது. மாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் காஸ்-சைடல் முறையில் இரண்டாவதாக ஓடும் மாடலுக்குப் புது மதிப்பு கிடைப்பதால் பாதித் தொல்லை தீர்ந்தது. உள்ளீட்டை நேர்கோட்டில் நீட்டிக் கணிப்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள்: வால்வு சட்டென்று திறக்கும் இடத்தில் அது நிலைமையை இன்னும் கெடுத்தது.

மிஞ்சியது இட்டரேஷன்: இருபுறமும் ஒத்துப்போகும்வரை ஒரே படியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. அதற்கு மாடல் தன் நிலையைச் சேமித்து, பின்னால் போய், அதே படியை மறுபடி ஓட்டித் தர வேண்டும். எஃப்எம்யூ என்பது ஜிப் கோப்புதானே, பிரித்து உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைப் பார்த்தேன். நிலையைச் சேமித்து மீட்க முடியுமா என்று சொல்லும் அந்த ஒரு வரி, 'கேன்-கெட்-அண்ட்-செட்-எஃப்எம்யூ-ஸ்டேட்': ஃபால்ஸ், அதாவது முடியாது. தரநிலை இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

இந்த முறை புகாராக எழுதவில்லை. அந்த வசதியோடும், படி அளவை இடையில் மாற்றும் வசதியோடும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டேன். மறுப்பே இல்லாமல் வந்தது!

இன்னொன்று: வரைபடம் வழவழப்பாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இணைப்பின் இருபுறமும் விசை பெருக்கல் திசைவேகம் போட்டு, பவர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காஸ்-சைடலில் அழகாகத் தெரிந்த ஓட்டத்திலேயே ஆற்றல் கசிந்துகொண்டிருந்தது. இட்டரேஷனில் அந்த வித்தியாசம் வால்வு திறக்கும் நொடியில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. அங்கே மட்டும் படியைச் சுருக்குகிறேன், மற்ற இடங்களில் பழைய 1 மில்லிசெகண்டே போதுகிறது.