மேலே சொல்லியாச்சு

எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் சான்றிதழ் வாங்க வேண்டும். மாநிலப் போலீஸிடம் ஒன்று, குழந்தைகளைத் துன்புறுத்தியதாகப் பதிவு எதுவும் இல்லை என்று ஒன்று. பென்சில்வேனியாவுக்கு வந்து பத்து வருடம் ஆகாதவர்கள் கைரேகையும் கொடுக்க வேண்டும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், “அ, ஆ சொல்லிக்கொடுக்க இவ்வளவு கெடுபிடியா அக்கா?” என்று அலுத்துக்கொண்டான். இதற்கெல்லாம் காரணமான விஷயம் வெளியே வந்த 2011இல் அவன் மூன்றாம் வகுப்போ என்னவோ படித்துக்கொண்டிருந்திருப்பான்.

நான் அப்போது இங்கே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முதல் வருடம். மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்கக் கால்பந்து ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் லட்சம் பேருக்கு மேல் உட்காரும் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு பக்கம் “வீ ஆர்” என்று கத்த, எதிர்ப்பக்கம் “பென் ஸ்டேட்” என்று பதில் வரும்போது நானும் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். 1966இலிருந்து ஒரே தலைமைப் பயிற்சியாளர், ஜோ பாட்டர்னோ. தடித்த கண்ணாடி, கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேன்ட். வளாகத்து க்ரீமரியில் அவர் பெயரில் பீச் ஐஸ்கிரீம், நூலகத்துக்கு அவர் பெயர், ஸ்டேடியத்துக்கு வெளியே சிலை. ஊருக்கே தாத்தா.

அவரிடம் பல வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கியை அந்த நவம்பரில் கைது செய்தார்கள். ஏழைப் பையன்களுக்கென்று தொண்டு நிறுவனம் நடத்தியவர். அங்கே வந்த பிள்ளைகளிடமே அத்துமீறியிருக்கிறார். நவம்பர் 9 இரவு பாட்டர்னோவைப் பல்கலைக்கழக அறங்காவலர்கள் போனிலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்து ஒரு டிவி சேனல் வேனைக் கவிழ்த்துப் போட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நானும் ரூம்மேட்டிடம், “84 வயசு மனுஷன், பாவம். அவர்தான் மேலே சொல்லிட்டாரே!” என்றேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அந்த ‘மேலே’ எப்படிப் போனது என்பது பிறகு அறிக்கைகளிலும் நீதிமன்றத்திலும் வெளிவந்தது. 2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளி இரவு, கால்பந்துக் கட்டடத்துக் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தவர் மைக் மெக்வியரி என்ற இளம் உதவியாளர். மறுநாள் காலை பாட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பாட்டர்னோ, விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடமும் துணைத்தலைவர் கேரி ஷுல்ட்ஸிடமும் சொன்னார். பல்கலைக்கழகப் போலீஸ் ஷுல்ட்ஸின் பொறுப்பில்தான் இருந்தது! குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் யோசித்திருக்கிறார்கள். அப்புறம் பாட்டர்னோவோடு பேசியபின் அது சரியாகப் படவில்லை என்று கர்லி மின்னஞ்சல் அனுப்புகிறார். பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் ஒத்துக்கொள்கிறார். சாண்டஸ்கி இதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் நாம்தான் மாட்டுவோம் என்பது ஒன்றுதான் அதில் அவர் பார்த்த ஆபத்து. பையன்களை வளாகத்துக்குக் கூட்டிவராதே என்று சாண்டஸ்கியிடம் சொன்னதோடு விஷயம் முடிந்தது. அந்தச் சிறுவன் யார் என்று ஒருத்தரும் தேடவில்லை.

பாட்டர்னோ மேல் வழக்கு எதுவும் போடவில்லை. நிறுவனப் பொறுப்பாளரிடம் சொன்னால் உன் கடமை முடிந்தது என்பதுதான் அன்றைய சட்டம். இன்னும் செய்திருக்கலாம் என்று கடைசியில் அவரே வருத்தப்பட்டார். 2012 ஜனவரியில் இறந்துபோனார். ஜூலையில் சிலையை எடுத்தார்கள்.

சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 வருடம் சிறை. மேலே இருந்தவர்கள் கதை இழுத்துக்கொண்டே போனது. கர்லியும் ஷுல்ட்ஸும் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டு மூன்று மாதம் உள்ளே இருந்தார்கள். ஸ்பேனியர் மேல்முறையீடெல்லாம் முடிந்து 2021இல்தான் போனார், அதுவும் இரண்டு மாதத்துக்கு. நடுவில், கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 6 கோடி டாலர் அபராதம் போட்டு 112 வெற்றிகளைக் கணக்கிலிருந்து அழித்து, 2015இல் அவற்றைத் திருப்பியும் கொடுத்தது. ஓடி ஜெயித்த பையன்களின் ஸ்கோரை அழித்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உருப்படியாக நடந்தது சட்டத்தில்தான். 2014இல் மாற்றினார்கள். சந்தேகம் வந்தால் நீயே நேராக சைல்ட்லைனுக்கு, அதாவது குழந்தைகள் துன்புறுத்தப்படுவதைப் புகார் செய்வதற்கான மாநிலத் தொலைபேசி எண்ணுக்கு, சொல்ல வேண்டும். மேலதிகாரியிடம் சொல்வது அதற்குப் பிறகு. சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை ‘ழ’ சொல்லிக்கொடுக்கும் எனக்கும் அதேதான்.

இதையெல்லாம் தம்பியிடம் முழுதாகச் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டது. சைல்ட்லைன் எண்ணை மட்டும் அவன் போனில் சேமிக்கச் சொன்னேன். சேமித்துவிட்டு, “முதல்ல உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானே அக்கா கூப்பிடணும்?” என்றான்.

“கூப்பிட்டுட்டு வந்து சொல்லு” என்றேன்.