சாயக்கடை முன்னால் நின்ற ஜீப்

களியக்காவிளையில் இருந்து நடந்தே வந்துவிடலாம் எங்கள் வீட்டுக்கு. தேர்தல் வந்தால் எங்களுக்கு இரண்டு மாநிலத்து ஒலிபெருக்கியும் கேட்கும். 2021-இல் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6, ஓட்டு. 2024-இல் எங்களுக்கு ஏப்ரல் 19, எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் 26. இங்கே விரலில் மை வைத்துவிட்டு வந்தும் இன்னும் ஒரு வாரம் மலையாளத்தில் ஓட்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மொழியிலும் அரசியல்வாதிகள் பேசிக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2021 மார்ச் கடைசி. சாயங்காலம். சாயக்கடை முன்னால் ஜீப் நிற்கிறது, கழுத்து நிறைய மாலையோடு வேட்பாளர் மைக்கைப் பிடித்திருக்கிறார். ரோடு வரும், தண்ணீர் வரும் என்றெல்லாம் சொல்லி முடித்ததும் எதிர்த்து நிற்பவரைப் பற்றி ஆரம்பித்தார். "அவரு ஆம்பளதானா, இல்ல ஒம்போதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். சிரிப்பு. அதில் ருசி கண்டுவிட்டார் போல. ஆம்பளையும் ஆம்பளையும் சேர்ந்து வாழலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, இந்தக் கூட்டத்துக்கு ஓட்டுப் போட்டால் நாளைக்கு உங்கள் வீட்டுப் பந்தலில் மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை மாலை போடுவான் என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. பழக்கடையில் நின்று நேந்திரங்காய் எடை போட்டுக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

என் தம்பி சாயக்கடைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் கிளாஸ், பாதிச் சாயா. அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போன பிறகு, அவனே என்னிடம் சொன்னான், தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு கிடையாது, ஆண்கள் மேல்தான் என்று. நான் அழுதேன், அவன் அழவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "அன்னைக்கு நீயும் சிரிச்சேல்லா எக்கா."

ஜீப் அடுத்த முக்குக்குப் போய்விட்டது. சிரித்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். அவன் தினமும் சாயா குடிக்கிற கடை, அவனுக்கு முடி வெட்டுகிறவர், கூடப் படித்தவன், கூடப் பிறந்தவள். இத்தனை பேரும் தனக்கு யார் என்று ஒரு நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேட்பாளருக்கு அது ஒரு கைதட்டல், அவ்வளவுதான், அடுத்த முக்கில் அதையே மறுபடி சொல்லியிருப்பார்.

இது எங்கள் ஊர் ஜீப்பில் மட்டும் இருக்கிற வியாதி இல்லை. 2013 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. உடனே, நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த அந்த நேரத்தில், பாஜக தலைவராக இருந்த ராஜ்நாத் சிங் அந்த உறவு இயற்கைக்கு மாறான செயல், ஆதரிக்க முடியாது என்றார். போலந்தில் 2020 அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில் ஆந்த்ரே டூடா, இவர்கள் மனிதர்கள் இல்லை, ஒரு சித்தாந்தம் என்கிற மாதிரிப் பேசினார். 51 சதவீதம் வாங்கி ஜெயிக்கவும் செய்தார்.

இந்த மாதிரிப் பேச்சை எதிர்த்துப் பேசினால் ஓட்டுப் போய்விடும் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். உண்மையா? பாறசாலை எந்த நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது? திருவனந்தபுரம். அந்தத் தொகுதி எம்.பி. சசி தரூர் 2015 டிசம்பரில் 377-ஐத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அறிமுகம் செய்யவே விடவில்லை, எதிராக 71, ஆதரவாக 24. 2016 மார்ச்சில் மறுபடி முயன்றார், மறுபடி தோல்வி. சரி, தொகுதி அவரைத் தண்டித்ததா? 2014-இல் 15,470 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர் 2019-இல் 99,989 வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மசோதாவால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒழுங்காகப் போகிற அந்த ஜனங்கள் அதற்காக அவரைத் தோற்கடிக்கவில்லை என்கிறேன். எங்கள் வேட்பாளர்கள் பயப்படுகிற அளவுக்கு நாங்கள் மோசம் இல்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123: மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றை வைத்துப் பகையை வளர்த்தால் அது தேர்தல் முறைகேடு. பாலின ஈர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. தேர்தல் நடத்தை விதிகளில், பொதுவாழ்க்கையோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைப் பேசக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் அது மற்றக் கட்சித் தலைவர்களையும் தொண்டர்களையும் காப்பாற்ற எழுதினது. சாயக்கடைத் தூணோரம் நிற்கிறவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

நீதிமன்றங்களாவது கொஞ்சம் நகர்ந்தன. 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இது குற்றமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2021 ஜூனில், அதாவது அந்த ஜீப் வந்துபோய் மூன்று மாதம்கூட ஆகாதபோது, சேர்ந்து வாழ மதுரையில் இருந்து போன இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். இந்த ஈர்ப்பை மாற்றுகிறோம் என்று சிகிச்சை செய்வதைத் தடை செய்தார். அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிப்பிட மரியாதையான சொற்களின் பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பாளர் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பட்டியல் எந்தக் கட்சி ஆபீசுக்காவது போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது.

அந்த 2021 பிரச்சாரத்தில் அதே வேட்பாளர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "உங்க மகன் மாதிரி" என்றார், அம்மா மோர் கொடுத்தாள். தம்பி உள்ளறையில் இருந்தான், வெளியே வரவில்லை. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. இன்றைக்குத் தெரியும். அடுத்த முறை அவர் படியேறினால் நேருக்கு நேர் கேட்டுவிடப் போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். வேண்டாம் எக்கா, நீ ஏன் கேக்கன்னு ஊர் யோசிக்கும், யோசிச்சா என்கிட்டதான் வந்து நிக்கும் என்றான்.

இதை எழுதட்டுமா என்று போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், ஊர்ப்பேரு போட்டுக்கோ, என் பேரு மட்டும் போடாத என்றான்.