டையோகா கணவாயின் இரு பக்கமும்

கலிஃபோர்னியாவில் இருக்கலாமா, வேறு மாநிலத்துக்கு மாறிவிடலாமா என்ற பேச்சு எங்கள் நண்பர்கள் கூடும் இடமெல்லாம் வந்துவிடுகிறது. வாடகை, டிராஃபிக், பெட்ரோல் விலை, கோடை முற்றினால் காட்டுத்தீப் புகை என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே போவார்கள். நானும் சேர்ந்து சொல்வேன். மே மாதம் பிறந்ததும் அதே நண்பர்கள் யோசமிட்டி தேசியப் பூங்காவுக்கு எப்போது கிளம்பலாம் என்று கேட்பார்கள், அதற்கும் நான் தயார். அலுப்பும் ஆசையும் எனக்கு ஒரே அளவு உண்மை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு இந்த ஜூனில் போன பயணத்தில் இரண்டும் ஒரே நாளில் உச்சத்துக்குப் போயின.

சான் ஹோசே பக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பினோம். மான்டெகா, ஓக்டேல் வரை சமவெளி. சாலையோரம் பாதாம் தோப்புகள். உலகத்துப் பாதாமில் பெரும்பங்கு இந்தச் சமவெளியில்தான் விளைகிறது. அப்புறம் மலையேற்றம். க்ரோவ்லண்ட் தாண்டிப் பூங்கா வாசலை நெருங்கும்போது கார்கள் நின்றுவிட்டன.

"கொடைக்கானல் சீசனுக்கு வத்தலகுண்டு ரோட்டுல நிக்கிற மாதிரியே இருக்கேம்மா" என்றார் அப்பா.

அதேதான். வாசலைத் தாண்டினாலும் விடுதலை இல்லை. பள்ளத்தாக்குக்குள் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தோம். கழிப்பறைக்கு வரிசை, ஷட்டில் பஸ்ஸுக்கு வரிசை. அருவிக்குப் போகும் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு தூரம் வந்த பெற்றோருக்கு நான் காட்ட நினைத்தது இதுவா என்ற ஆற்றாமை வேறு.

அம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. எல் கேப்பிட்டன் எதிரே இருக்கும் புல்வெளியில் உட்கார்ந்து, ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்தாக நிற்கும் அந்த ஒற்றைக் கருங்கல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் தொலைநோக்கியோடு இருந்த ஒருவர், சுவரில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேரை அவருக்குக் காட்டினார். மொழி தெரியாத இருவரும் வெகுநேரம் கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அம்மாவுக்கு அது கிடைத்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1864-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, இந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று ஒதுக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1851-இல், இங்கே வாழ்ந்த அவானீச்சி பழங்குடி மக்களை ஆயுதப்படை வைத்துத் துரத்தியிருந்தார்கள். பொதுமக்கள் என்று யாரை நினைத்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. இன்று வாசலில் நிற்கும் வரிசையில் எல்லா நாட்டு முகங்களும் இருக்கின்றன. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

உண்மையில் கலிஃபோர்னியா நெரிசலான மாநிலமே இல்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3.95 கோடி, பரப்பு 4.24 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் 2011-லேயே 7.2 கோடிப் பேர், பரப்பு 1.3 லட்சம்தான். ஆனால் இங்கே எல்லாரும் ஒரே சில இடங்களுக்கு, ஒரே வாரக் கடைசியில் போகிறோம். யோசமிட்டி பூங்கா ஏறக்குறைய 3,000 சதுர கிலோமீட்டர். வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கைத்தான்.

மதியத்துக்குமேல் டையோகா சாலையைப் பிடித்தோம். பனியால் வருஷத்தில் பாதிக்குமேல் மூடிக்கிடக்கும் சாலை அது. டெனாயா ஏரி, டூவோலமி புல்வெளி என்று ஏற ஏறக் கார்கள் குறைந்தன. 3,031 மீட்டர் உயரத்தில் கணவாய். அதைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் வேறு நாட்டுக்குள் வந்ததுபோல் மரமெல்லாம் மறைந்து, வறண்ட பரப்பு, நடுவில் மோனோ ஏரி.

தண்ணீர் வெளியேற வழியில்லாத ஏரி, கடலைவிட இரண்டு மடங்குக்குமேல் உப்பு. மீன் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உப்புநீர் இறால்களும், கரையோரம் கறுப்புப் பட்டையாக மொய்க்கும் ஈக்களும்தான். நாம் நடந்தால் ஈக்கள் விலகி வழிவிடுகின்றன, மேலே ஒன்றுகூட உட்காருவதில்லை. இந்த ஈயின் கூட்டுப்புழுவைத்தான் இங்கிருந்த பையூட் மக்கள் உணவாகச் சேகரித்தார்கள். கரையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூண்கள். ஏரிக்கு அடியில் ஊறும் சுண்ணாம்புச் சத்துள்ள நீர், ஏரியின் கார நீரோடு கலந்து உறைந்து உருவானவை. உருவானது தண்ணீருக்குள். அப்படியானால் இப்போது ஏன் வெளியே நிற்கின்றன?

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1941 முதல் இந்த ஏரிக்கு வந்த ஓடைகளை 500 கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பிக் கொண்டுபோனது. ஏரியின் மட்டம் 13 மீட்டருக்குமேல் இறங்கியது, உப்பு இரட்டிப்பானது. நாம் படமெடுத்து மகிழும் அழகே நகரத்தின் தாகத்தால் வெளிப்பட்டது. இதை அப்பாவிடம் சொன்னேன். மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருந்து பயிர் செய்த குடும்பத்துக்காரர் அவர். சுவாரஸ்யம் வந்துவிட்டது. "கோர்ட்டுக்குப் போகலையா யாரும்?" என்றார்.

போனார்கள். எழுபதுகளில் மாணவர்கள் சிலர் ஏரியை ஆராய்ந்து குரல் எழுப்ப, 1978-இல் மோனோ ஏரிக்கென்று ஒரு குழு உருவானது. இப்படிப்பட்ட நீர்நிலைகளைப் பொதுச் சொத்தாகக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று 1983-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994-இல் மாநில நீர் வாரியம் ஏரிக்கு ஒரு மட்டத்தை நிர்ணயித்தது. அந்த மட்டத்தை ஏரி இன்னும் எட்டவில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் ஆள் கூடியும் மொத்தத் தண்ணீர்ச் செலவு எண்பதுகளைவிடக் குறைந்திருக்கிறது. எனக்கு இந்த மாநிலத்தின்மேல் இருக்கும் பிடிப்பு இந்த மாதிரி இடத்தில்தான். ஆள் அதிகமில்லாத பாலைவனத்து ஏரியையும் இங்கத்திய கூட்டம் உறிஞ்சியது. அதைத் தடுக்கக் கிளம்பியவர்களும் அதே கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள்.

வீட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் கோபம்தான். 1978-இல் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் முன்மொழிவின்படி, வீட்டை வாங்கியபோது இருந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குமேல் வரிக்கணக்கில் ஏறாது. பழைய ஆட்களுக்குச் சிறிய வரி. பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்குகிற இளம் குடும்பத்துக்குப் பல மடங்கு. வயதானவர்கள் வீட்டை இழக்கக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் யாரும் விற்க மாட்டேன் என்கிறார்கள், புதிதாகக் கட்டவும் விட மாட்டேன் என்கிறார்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவரும் தினம் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள். காலை நெரிசலில் அவர்களும் நிற்கிறார்கள். இதை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கடற்கரையில் நேர்மாறு. ஈரமணல் பரப்பு முழுக்கப் பொதுச் சொத்து. 1976-இல் வந்த கடற்கரைச் சட்டம், அங்கே போகும் வழிகளையும் காக்கிறது. பணக்காரர் வீட்டு வாசலுக்கு எதிரிலும் யாரும் பாய் விரித்து உட்காரலாம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஹாஃப் மூன் பே போகும் சாலை நகராது. அந்த வரிசையில் நிற்க எனக்குச் சம்மதம். வேலி போட்ட அழகான கடற்கரை எனக்கு வேண்டாம்.

மோனோ பக்கம் போக நினைப்பவர்கள் டையோகா சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மே கடைசியிலும் திறக்கலாம், பனி அதிகமானால் ஜூலை வரைக்கும் இழுக்கும். தூண்களைப் பார்க்க ஏரியின் தென்கரைக்குப் போக வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், நிழல் கிடையாது. செப்டம்பரில், பள்ளி திறந்தபின், வாரநாளில் இன்னொரு தடவை போகலாம் என்கிறார் அம்மா. ஊர் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.