படகு எங்கே என்று கேட்பது எப்படி: ராமேஸ்வரம் கரையிலிருந்து ஒரு கேள்வி நேர நாட்குறிப்பு

ஜூன் 15

மீன்பிடித் தடைக்காலம் நேற்று நள்ளிரவோடு முடிந்தது. ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் இனி டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிக் கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. சிறைபிடிப்புச் செய்திகளும் இனிமேல் வரத் தொடங்கும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும்.

நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலையில் கூடும். எம்.பி. அலுவலகத்துக்குக் கேள்விகள் எழுதித் தர இதுதான் நேரம்.

ஒவ்வொரு தொடரிலும் ஒரே கேள்வி போகிறது: "இலங்கைக் கடற்படை கைது செய்த மீனவர்களை விடுவிக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" பதிலும் ஒரே பதில்தான். தூதரகம் மூலம் தொடர்ந்து வலியுறுத்தப்படுகிறது, உயர்மட்டப் பேச்சுகளில் எழுப்பப்பட்டது, மனிதாபிமான அடிப்படையில் அணுகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. இந்தப் பதிலுக்கு அமைச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "நடவடிக்கை என்ன" என்று கேட்டால் நடவடிக்கைகளின் பட்டியல்தான் வரும். நாம் கேட்க வேண்டியது படகை. பெரும்பாலான ஆட்கள் சில வாரத்திலோ சில மாதத்திலோ திரும்பிவிடுகிறார்கள். படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. படகு போனால் உரிமையாளரோடு அதில் வேலை பார்த்த குடும்பங்களின் பிழைப்பும் போகிறது.

ஜூன் 19

எந்த அமைச்சரிடம் கேட்பது என்பதில்தான் பாதிக் கேள்விகள் வீணாகின்றன.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்புக்கு அப்பால், அதாவது 12 கடல் மைலுக்கு வெளியே மீன்பிடிப்பது மட்டும் மத்தியப் பட்டியல். பிடிபட்ட படகு, ஆள், மீனவர் சிக்கல் பற்றிப் பேசும் இந்திய-இலங்கைக் கூட்டுப் பணிக்குழு எல்லாம் வெளியுறவு அமைச்சகம். ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டமும் படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரும் (படகின் இருப்பிடம் காட்டும் கருவி) மீன்வளத் துறை, 2019 முதல் அது மீன்வளம், கால்நடை, பால்வள அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கடலோரக் காவல்படையின் ரோந்து பாதுகாப்பு அமைச்சகம். 3 கடல் மைல் எல்லை, டோக்கன், தடைக்கால நிவாரணம், இறங்குதளம் கட்டுவது ஆகியவை மாநில அரசு, அவற்றை எம்.எல்.ஏ.தான் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும்.

ஒரே கேள்வியில் இதையெல்லாம் கலந்தால், "இது மாநில அரசின் பொறுப்பு" என்ற ஒரு வரியில் மொத்தமும் அடிபட்டுப் போகும். ஒரு கேள்விக்கு ஒரு அமைச்சகம். இதில் தளர்வே கூடாது.

ஜூன் 26

மக்களவை விதிகளில் வேலைக்கு ஆகும் பகுதி இது.

கேள்வி நேரம் காலை 11 மணிக்கு, ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்; அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும் பதில். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாள் பட்டியலில் ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விதான் வரும். வரிசையைக் குலுக்கல் முடிவு செய்யும். அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஐந்தாறு கேள்விகள்தான் எடுக்கப்படும். பதினைந்தாவது இடத்தில் விழுந்தால் அமைச்சர் வாய் திறக்க மாட்டார், எழுத்துப் பதில் மட்டும் கிடைக்கும். அவை ஒத்திவைக்கப்பட்டாலும் அதே கதிதான். அதனால் நட்சத்திரக் கேள்வியையும், எழுத்துப் பதில் மட்டுமே கிடைத்தாலும் பயன்படும்படி எழுத வேண்டும்.

நோட்டீஸ் 15 முழு நாள் முன்னதாகப் போக வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. ஆகஸ்ட் 5-இல் பதில் வேண்டுமானால் ஜூலை 20-தான் கடைசி. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த அட்டவணை வந்ததும் நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணிக் குறித்துவிட வேண்டும்.

150 வார்த்தைக்கு மேல் கூடாது. நோட்டீஸ் ஆங்கிலத்திலோ இந்தியிலோ போவதால் தமிழ் வரைவு 80 வார்த்தைக்குள் நின்றால்தான் மொழிபெயர்த்தபின் அளவுக்குள் அடங்கும். வாதம், ஊகம், குற்றச்சாட்டு, கிண்டல் எதுவும் இருக்கக் கூடாது. "அட்டூழியம்" என்று எழுதிய வரைவு மக்களவைச் செயலகத்திலேயே நின்றுவிடும். அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. முன்பே பதில் வந்த கேள்வியைத் திருப்பிக் கேட்டாலும் தள்ளுபடி. அதனால் பழைய பதிலின் எண்ணையும் தேதியையும் தேடி எடுத்து, அதற்குப் பிறகான நிலவரத்தை மட்டும் கேட்பதே சரி.

ஜூலை 1

கச்சத்தீவைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிக் கரையில் பலரும் கேட்கிறார்கள். அவர்கள் வேதனை நியாயமானது. ஆனால் கேள்வித்தாளில் அது சுவரில் முட்டும். தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருப்பதைச் சொல்லி, தீவு இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்ற பழைய வாசகத்தோடு பதில் முடிந்துவிடும். நீதிமன்ற விசாரணையில் உள்ளதைக் கேட்கக் கூடாது என்பது விதியும்கூட. நாளொன்றுக்கு ஐந்து நோட்டீஸ்தான் கொடுக்க முடியும் என்கிறபோது ஒன்றை இதற்குச் செலவழிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. தீவைப் பற்றிப் பேச விவாதங்களும் தீர்மானங்களும் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2-இல் தீர்மானமே நிறைவேற்றியது.

ஜூலை 5

முதல் கேள்வியின் வரைவு:

வெளியுறவு அமைச்சர் கீழ்க்காண்பவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இலங்கை அதிகாரிகளால் பிடிக்கப்பட்ட தமிழ்நாட்டுப் படகுகள் எத்தனை, ஆண்டுவாரியாக, மாவட்டவாரியாக;
(ஆ) அவற்றில் திரும்பி வந்தவை, நாட்டுடைமையாக்கப்பட்டவை, ஏலம் விடப்பட்டவை, இன்னும் அங்கேயே நிற்பவை தனித்தனியே எத்தனை;
(இ) விடுவிப்பு உத்தரவு கிடைத்தும் கொண்டுவரப்படாத படகுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன;
(ஈ) மீன்வளத்துக்கான இந்திய-இலங்கைக் கூட்டுப் பணிக்குழு கடைசியாகக் கூடிய தேதி எது, படகுகள் குறித்து அதில் எடுத்த முடிவு என்ன?

ஐந்து ஆண்டு என்று இருந்ததை மூன்றாகக் குறைத்தோம். காலம் நீண்டால் "தகவல் திரட்டப்படுகிறது" என்று எழுத வழி திறக்கிறது. "நாட்டுடைமை", "நிற்பவை" இரண்டையும் பிரித்தது வேண்டுமென்றே. இலங்கை 2018-இல் வெளிநாட்டுப் படகுகள் சட்டத்தைத் திருத்திப் படகின் நீளத்தைப் பொறுத்து அபராதத்தைக் கடுமையாக்கியது. அதன்பின் உரிமையாளர் நேரில் போய் வழக்காடினால்தான் படகு என்ற நிலை வந்தது. உரிமையாளர் வராவிட்டால் நாட்டுடைமை. 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகளை ஏலத்துக்கு விட்டார்கள். நாட்டுடைமையானதையும் நிற்பதையும் ஒரே எண்ணாகத் தந்தால், மீட்க வாய்ப்புள்ள படகு எது என்று யாருக்கும் தெரியாது.

(இ)தான் இந்தக் கேள்வியின் உயிர். மரப்படகு பயன்பாடின்றித் தண்ணீரில் நின்றால் முதலில் பலகை இடுக்கில் அடைத்த பஞ்சு விடும், அடித்தளத்தில் நீர் ஏறும், எஞ்சின் மூழ்கும். ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டினால் இழுத்து வரவும் முடியாமல் போகும். நீதிமன்றம் விடுவித்த படகு அனுமதிக் கடிதங்கள் இங்குமங்கும் அலைகிற மாதங்களில்தான் செத்துப்போகிறது. அந்தத் தாமதம் எந்த மேசையில் நிகழ்கிறது என்பதை எண்ணோடு சொல்ல வைக்க வேண்டும்.

ஜூலை 6

எம்.பி. கையில் இருக்க வேண்டிய இணைப்புத் தாள்: படகின் பதிவு எண் (இந்த மாவட்ட விசைப்படகுக்கு ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும்), நீளம், பிடிபட்ட தேதி, வழக்கு நடக்கும் இலங்கை நீதிமன்றம் ஊர்காவற்றுறையா மன்னாரா, அடுத்த வாய்தா, இப்போது நிற்கும் துறைமுகம். கேள்விக்குள் இதைத் திணிக்கக் கூடாது. அமைச்சர் சொல்லும் எண்ணிக்கை தவறாக இருந்தால் அடுத்த நிமிடமே எழுந்து மறுக்க இந்தத் தாள் வேண்டும்.

ஜூலை 12

இரண்டாவது கேள்வி மீன்வள அமைச்சகத்துக்கு, ஆழ்கடல் திட்டம் பற்றி.

2017-இல் அறிவித்தபோது மூன்று ஆண்டில் 2,000 இழுவைமடிப் படகுகளை (கடலடியை வாரி இழுக்கும் வலை கொண்டவை) ஆழ்கடல் படகுகளாக மாற்றுவதாகச் சொன்னார்கள். ஒரு படகு 80 லட்ச ரூபாய்: மத்திய அரசு 50 விழுக்காடு, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. "எத்தனை படகு கட்டினீர்கள்" என்று மட்டும் கேட்டால் ஒரு எண் வரும், அதோடு முடிந்தது. எங்கே அடைத்தது என்று கேட்க வேண்டும்: வந்த விண்ணப்பங்கள், வங்கி திருப்பி அனுப்பியவை, கட்டியும் இப்போது தொழிலுக்குப் போகாதவை.

அடைப்புகள் எங்களுக்குத் தெரியும். 80 லட்சத்தில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகும் குளிர்சேமிப்பும் கருவிகளும் அடங்கவில்லை. பின்னால் வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்தில் ஒரு படகின் விலை 1.20 கோடி ஆனது. பழைய படகைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை, ஆனால் புதுப் படகு வரும்வரை சாப்பாட்டுக்கு வழி சொல்லப்படவில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழில் பயிற்சியில்லாமல் கைவராது. பாக் நீரிணையோ ஆழமற்றது. பெரிய படகைக் கட்டி நிறுத்த ராமேஸ்வரத்தில் ஆழம் போதாது. மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூரிலோ குந்துகாலிலோ நிறுத்த வேண்டும், அங்கே ஐஸ், டீசல், ஏலக்கூடம் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி மட்டும் சட்டமன்றத்துக்கு: மீன்வளத் துறை மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பில் இருக்கும் தொகையையும் முடிந்த பணியையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

இதைக் கேட்கும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்குரியது; பாறைத் திட்டுகளும் கழித்தால் எல்லைக்கோடு வரை இழுவைமடிக்கு மிஞ்சுவது குறுகிய பட்டை. மடி எல்லைக்கு அப்பால் போகும்போது யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவரின் வலைதான் அறுபடுகிறது. இலங்கை 2017-இலேயே இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. மாற்றுத் தொழில் எங்கே என்ற கேள்வி நம் பக்கத்து நியாயத்துக்கும் அவர்கள் பக்கத்து நியாயத்துக்கும் சேர்த்தே கேட்கப்படுகிறது.

ஜூலை 14

மற்ற கடலோர எம்.பி.க்களின் அலுவலகங்களோடு பேசிப் பங்கு பிரிக்க வேண்டும். ஒரே மாதிரி வந்தால் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிடுவார்கள். ஒருவர் படகு, ஒருவர் ரோந்து, ஒருவர் டிரான்ஸ்பாண்டர்.

ஜூலை 23

1974-இல் இதே தேதியில்தான் கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார். ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் கடுமையாக எதிர்த்தார். கையெழுத்தாகிச் சுமார் நான்கு வாரம் கழித்து வந்த அறிக்கை அது. மக்களவை விதி 372-இன்படி அமைச்சர் அறிக்கை வைக்கும்போது கேள்வி கேட்க இடமில்லை. முடிவுக்கு முன்னால் அரசை வாய் திறக்க வைக்கும் கருவி கேள்விதான். பணிக்குழு அடுத்து எப்போது கூடும், அதில் என்ன பேசுவீர்கள் என்று இப்போதே கேட்பது அதற்காகத்தான்.

ஜூலை 30

துணைக் கேள்விகள். நட்சத்திரக் கேள்வி எடுக்கப்பட்டால் கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு கிடைக்கும். முகவுரை பேசி நேரத்தைத் தின்றால் அவைத்தலைவர் "கேள்வியைக் கேளுங்கள்" என்று நிறுத்திவிடுவார். இரண்டு வாக்கியம் போதும்.

முதலாவது, எழுத்துப் பதிலில் விட்டதைப் பற்றி. "(அ) முதல் (ஈ) வரை" என்று நான்கையும் ஒரே பத்தியில் மூடுவது அமைச்சகங்களின் வழக்கம். அதில் (இ) காணாமல் போயிருக்கும். "(இ)-க்கு எண்ணிக்கை இல்லை, அது எவ்வளவு?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். இரண்டாவது, தேதி கேட்பது: "விடுவிக்கப்பட்ட படகுகளை மழைக்கு முன், அக்டோபருக்குள் கொண்டுவர அனுமதி பெற்றுத் தருவீர்களா?" ஆம் என்றாலும், "பரிசீலிக்கிறோம்" என்றாலும், "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்" என்றாலும் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதலாம்.

பதில் போதாதென்றால் அரை மணி நேர விவாதத்துக்கு மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ் தரலாம். எண்ணிக்கை தவறென்று தாளில் நிரூபிக்க முடிந்தால் அவைத்தலைவரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ் எழுதலாம். விதி 377-இல் 250 வார்த்தை வாசிக்கலாம், ஆனால் அங்கே உடனடிப் பதில் வராது. மூன்றிலும் வலுக் குறைந்தது அதுதான்.

ஆகஸ்ட் 2

பதிவேட்டில் ஆறு பத்தி போட்டாயிற்று: கேள்வி எண், பதில் தேதி, அமைச்சர் பயன்படுத்திய வாசகம், விடுபட்ட உட்பிரிவு, மூன்று மாதம் முடியும் நாள், குழுவுக்குக் கடிதம் போன நாள். ஆகஸ்ட் 5-இல் உறுதிமொழி கிடைத்தால் கெடு நவம்பர் 5. பருவமழை அதற்குள் தொடங்கியிருக்கும் என்பதால் நினைவூட்டுக் கடிதம் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே போக வேண்டும், படகுகளின் பதிவு எண் பட்டியலோடு.